கண்ணாடியும் கொழுந்துக் கூடையும்: மலையகப் பருவப் பெண்களின் உடற்றோற்ற உணர்வு பற்றிய ஒரு நோக்கு

அழகு பற்றிய எண்ணம் எக்காலத்தும் ஒரே தன்மையதாய் இருந்ததில்லை. வாழ்க்கை முறையும் சமூக உறவுகளும் மாறுந்தோறும் அழகின் இலக்கணமும் மாறி வந்துள்ளது. எனினும், ஒவ்வொரு காலத்து மாந்தரும் தத்தம் காலத்து இலக்கணத்தை இயற்கையானதென்றும் என்றும் உள்ளதென்றும் நம்பியே வாழ்கின்றனர். இந்நம்பிக்கையினால் மிகுதியும் வருந்துவோர் பருவமெய்தும் வயதிலுள்ள பெண்பிள்ளைகளாவர். உடல் விரைந்து மாறும் அவ்வயதிலேதான், தான் எவ்வாறு தோன்றுகிறாள் என்ற கேள்வி, தான் யார் என்ற கேள்வியோடு ஒரு பெண்ணின் மனத்திற் பிணைந்துவிடுகிறது.

ஒருவர் தம் உடலைப் பற்றித் தம் மனத்துள் வரைந்து கொள்ளும் படிமம் உடலினால் மட்டும் ஆவதன்று; பிறரோடு கொள்ளும் உறவுகளினாலும் ஆவது என்பதைப் பவுல் ஷில்டர் 1935ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துக் காட்டினார். பின்வந்த மேனாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் மெலிவை விரும்பி உணவைத் துறக்கும் பெண்களைப் பற்றியனவாக அமைந்தன. ஹில்டே புரூக் 1978இல் தாம் வெளியிட்ட நூலுக்குப் ‘பொற்கூண்டு’ என்ற பொருள்படப் பெயரிட்டமை கருதத்தக்கது. உண்ணுதற்கு எல்லாம் இருந்தும் உண்ண மறுக்கும் செல்வர் வீட்டுப் பெண்ணே அந்நூலின் நாயகி. அவளை அளந்த கோலைக் கொண்டு, உண்ண விரும்பியும் போதிய உணவு கிட்டாத பெண்ணை அளத்தல் இயலுமா என்பது இங்கு எழும் முதல் வினாவாகும். கண்டி மாவட்டத்து மடுல்கெல்லவையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் நிலைக்களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது பயனுடைத்து.

ஊரும் உடலும்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில ஊடாக ஏறிச் செல்லும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவிலே அமைந்துள்ளது மடுல்கெல்ல. முன்பு கோப்பியும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும் இம்மலைகளை மூடின. தோட்டங்களோடு லயங்களும் வந்தன. நூற்றாண்டு கடந்தும் பல குடும்பங்களின் வாழ்வு அந்த லயத்து அறைகளுள்ளேயே கழிகின்றது. தோட்டங்களை 1972இலும் 1975இலும் அரசு பொறுப்பேற்றது. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கைக்குச் சென்றது. உடைமை கைமாறிய போதும் லயத்தின் அமைப்பு பெரிதும் மாறவில்லை.

உடற்றோற்றம் பற்றிய ஆராய்ச்சிக்கும் லயத்துக்கும் என்ன தொடர்பு என வினவலாம். தன் உடலைத் தனித்திருந்து காண்பதற்கு ஒரு பெண்ணுக்கு ஓர் இடம் வேண்டும். ஒற்றை அறையும் ஓர் ஒட்டுத் திண்ணையும் கொண்ட வீட்டில் அதற்கு இடமில்லை. அங்குச் சுவரில் மாட்டப்படுவது பெரும்பாலும் முகம் மட்டுமே தெரியும் சிறு கண்ணாடி. தந்தை முகம் மழிப்பதும் தாய் பொட்டிடுவதும் பிள்ளைகள் தலை சீவுவதும் அதன் முன்னேதான். ஆகவே, அவ்வீட்டுப் பெண் தன் முழு உருவத்தைக் கண்ணாடியிற் காண்பது அரிது. அவள் அதனைப் பிறர் சொல்லிற் காண்கிறாள். பூப்புச் சடங்கின் ஒளிப்படத்திற் காண்கிறாள். அண்மைக் காலத்திலே கைத்தொலைபேசியிற் காண்கிறாள். மூன்றும் பிறர் நின்று பார்க்கும் இடங்கள். தன் உடலைத் தானே அறியுமுன் அதனைப் பிறர் கண்ணால் மதிப்பிடக் கற்றுக் கொள்கிறாள் என்பது மிகையன்று.

இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர். பெருந்தோட்டத் துறையிலோ ஏறத்தாழ 32 சதவீதத்தினர். அன்று அளக்கப்பட்ட பிள்ளைகளே இன்று பருவமெய்தும் வயதை அடைகின்றனர். நகரத்து மாணவியோடு ஒரே வகுப்பில் அமரும்போது தோட்டத்து மாணவி தன் குள்ளத்தையும் ஒல்லியான கைகால்களையும் பற்றிக் கூசுவாளாயின், அக்கூச்சத்தின் காரணம் அவள் மனத்துள் மட்டும் இருப்பதன்று. அவள் பிறக்குமுன்பே தாயின் உணவிற் குறைந்தவற்றிலும் இருக்கிறது. மேனாட்டு நூல்களில் மெலிவு ஓர் இலட்சியம். தோட்டத்திலோ அது வறுமையின் அடையாளம்.

மாமையும் பசலையும்

தோட்டத்துப் பெண்ணின் தாழ்வுணர்வில் உயரமும் மெலிவும் ஒரு பகுதியே. அதன் பெரும்பகுதி நிறத்தைப் பற்றியது. ‘கறுப்பி’ என்ற சொல் வீட்டிற் செல்லமாகவும் வீதியில் ஏளனமாகவும் வழங்குகின்றது. வெண்மையே அழகு என்ற எண்ணம் தமிழரிடை என்றும் நிலவியதென்று கொள்வார் உளர். பழந்தமிழ்ச் செய்யுள்கள் இதற்கு மாறான சான்று பகர்கின்றன.

சங்க இலக்கியத்திலே தலைவியின் அழகுக்கு உரிய நிறம் மாமை. மாந்தளிரின் தன்மையுடைய நிறமென உரையாசிரியர் அதனை விளக்குவர். ‘மாயோள்’ என்றே தலைவி சுட்டப்படும் இடங்களும் உள. அவ்வழகு கெடும்போது அவள் மேனியிற் படர்வது பசலை. அதற்குப் பீர்க்கம்பூவின் மஞ்சள் நிறம் உவமையாகக் கூறப்படும். வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாடலொன்று, தலைவனுக்கும் பயன்படாது தனக்கும் உதவாது தன் மாமையைப் பசலை உண்டொழிப்பதாகத் தலைவி வருந்துவதைக் கூறுகின்றது. அஃதாவது, அன்று கருமை சார்ந்த நிறம் அழகாகவும் வெளிறுதல் நோயாகவும் கொள்ளப்பட்டன. இன்று களிம்பு பூசி அடைய விரும்பும் வெளிறலை அன்றைய தலைவி நோயெனக் கண்டு அஞ்சினாள்.

குறிஞ்சித் திணைப் பாடல்கள் இன்னும் நெருங்கிய ஒப்பீட்டுக்கு இடந்தருகின்றன. அங்கு மலைமகளான கொடிச்சி தினைப்புனம் காக்கிறாள். தட்டையும் குளிரும் கொண்டு கிளி கடிகிறாள். வெயிலில் நின்று செய்யும் அவ்வேலை அவள் அழகைக் குறைப்பதாகப் புலவர் கருதவில்லை. வேலையும் அழகும் ஒரே உடலில் ஒருங்கே இருத்தல் கூடும் என்பது அக்கால நோக்கு. எனினும், இதனைப் பொற்காலமென்று புனைந்துரைத்தல் பொருந்தாது. கொடிச்சியின் உடலும் தலைவன் கண்வழியே பெரிதும் வருணிக்கப்பட்டது. அவளிடத்திற் பெறத்தக்க பாடம் ஒன்றே: கருமையையும் உழைப்பையும் அழகின்மையோடு சேர்த்தெண்ணுதல் இயற்கையன்று, வரலாற்றில் இடையே வந்து சேர்ந்தது.

இடைக்காலத்திலே உலா இலக்கியம் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்தது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை எனத் தொடரும் அவ்வரிசையில், எட்டு வயது தொடங்கிப் பத்தொன்பது வயதுவரை பொதுவாக மூன்று பருவங்கள் அடங்குகின்றன. இன்று கட்டிளமைப் பருவம் எனப்படுவது ஏறத்தாழ இதுவே. பவனி வரும் தலைவனைக் கண்டு எப்பருவத்தாள் எங்ஙனம் மயங்குகிறாள் என்பதே அங்குப் பருவத்தை அளக்கும் அளவுகோல். வளரும் பெண்ணின் உடலைக் காட்சிப் பொருளாக வரிசைப்படுத்தும் வழக்கம் திரைப்படத்தோடு தோன்றியதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சுவரொட்டியும் திரையும்

தோட்டத்துப் பெண்ணைக் காட்சிப் பொருளாக்கியதில் ஆங்கிலேயரின் தேயிலை வாணிபத்துக்கும் பங்குண்டு. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய பின், கொழுந்தெடுக்கும் தமிழ்ப்பெண்ணின் உருவம் தேயிலை விளம்பரங்களில் உலகெங்கும் பரவிற்று. அப்படங்களில் அவள் சேலை கசங்குவதில்லை. காலில் அட்டை கடிப்பதில்லை. இடுப்பிற் படங்குச் சாக்கு இல்லை. விரல்களில் கொழுந்துக் கறையும் வெடிப்பும் இல்லை. அவள் புன்னகை செய்கிறாள். அந்தப் புன்னகை இன்றும் மறையவில்லை. மலைநாட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கொழுந்து மலையைக் கண்டதும் வாகனத்தை நிறுத்தி அதனையே தேடிப் படமெடுக்கின்றனர்.

அத்தாயின் மகள் வீட்டுக்குட் காணும் படம் வேறு. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. பின்னர் ஒளிநாடாக்களும் தென்னிந்தியச் செய்மதி அலைவரிசைகளும் லயங்களை எட்டின. 1975இல் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ களிம்பின் விளம்பரங்கள் நெடுங்காலம் ஒரே கதையையே வெவ்வேறு வடிவிற் கூறி வந்தன: கறுத்த பெண்ணுக்கு வேலையும் இல்லை, மணமும் இல்லை, வெளுத்தபின் இரண்டும் உண்டு. உலகளாவிய கண்டனங்களின் பின் 2020இல் அதன் பெயர் ‘குளோ அன்ட் லவ்லி’ என மாற்றப்பட்டது. பெயர் மாறியதால் ஆசை மாறிவிடவில்லை. மலிந்த விலையில் விற்கும் வேறு களிம்புகள் அவ்விடத்தை நிரப்புகின்றன. அத்தகைய களிம்புகள் சிலவற்றிற் கலக்கப்படும் பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லதென உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது.

தமிழ்த் திரைப்படத்தின் போக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ‘தண்ணீர் தண்ணீர்’ 1981இல் வெளிவந்தது. வரண்ட கிராமத்துப் பெண்ணாக அதில் நடித்த சரிதா, கருநிறமும் ஆழ்ந்த நடிப்பாற்றலும் கொண்டவர். பிற்காலத்தில் அவர் நக்மா உள்ளிட்ட வடநாட்டு நடிகையர் பலருக்குப் பின்னணியிற் குரல் கொடுத்தார். கருநிறப் பெண்ணின் குரல் வேண்டும், உணர்ச்சி வேண்டும், தமிழ் வேண்டும்; முகம் மட்டும் வேண்டா என்னும் நிலையை இதனிலும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி பிறிதில்லை. திரையைக் காணும் சிறுமி இவ்வரலாற்றை அறியாள். தன்னைப் போலப் பேசும் ஒருத்தி தன்னைப் போலத் தோன்றவில்லை என்பதை மட்டும் அவள் காண்கிறாள்.

மலையக எழுத்திற் பெண்ணுடல்

மலையக மக்களைப் பற்றிய இலக்கியம் பெண்ணின் உடலை மறந்ததில்லை. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’யில் தோட்டத்துக்கு வந்த மருதியின் உடல் அதிகாரத்தின் இச்சைக்கு இரையாகி நோயுறுகின்றது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. தோட்டத்துப் பெண்ணொருத்தியின் வாழ்வை அது நாவலாக விரித்தது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையிலே கொழுந்தெடுக்கும் கைவேகமே ஓர் இளம்பெண்ணின் மானப் பிரச்சினையாகிறது. தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’, வளர்ந்த மகளோடு லயத்து அறையில் வாழ நேர்ந்த பெற்றோரின் அவலத்தைக் கூசாது எடுத்துரைக்கின்றது.

இவை யாவும் மலையக இலக்கியத்தின் பெருமைக்குரிய ஆக்கங்கள். ஆயினும், இவற்றை ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஒரு குறை புலப்படும். பெண்ணின் உடல் இங்கு மூவகையாகவே தோன்றுகின்றது: சுரண்டப்படும் உடல், உழைக்கும் உடல், காக்கப்பட வேண்டிய மானத்துக்குரிய உடல். பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி தன் உடலைத் தான் எங்ஙனம் காண்கிறாள், எதனை விரும்புகிறாள், எதற்கு நாணுகிறாள் என்பதற்கு இவ்வெழுத்துக்களில் இடம் மிகக் குறைவு. ‘மீன்கள்’ கதையிலே நம் இரக்கம் தந்தைக்கே பெரிதும் உரியதாகிறது. மகளின் மனம் இருளிலேயே நின்றுவிடுகிறது. ‘ஒரு கூடைக் கொழுந்து’ மட்டும் ஒரு வகையில் விதிவிலக்கு. அங்கே பெண் தன் கையைப் பற்றிப் பெருமை கொள்கிறாள். கொடிச்சிக்குப் பின் மலையில் வேலை செய்யும் பெண்ணின் உடல் பெருமைக்குரியதாகத் தோன்றும் அரிய இடங்களுள் அஃதொன்று. ஆனால் அப்பெருமையையும் நிறுவை நிலுவைத் தராசே அளக்கிறது என்பதை மறத்தலாகாது.

மோகமா, மீட்சியா?

பெண்பிள்ளைகள் களிம்பு பூசுவதையும் திரை நடிகையரைப் போல ஆடை அணிவதையும் கண்ட பெரியோர், சினிமா மோகம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்பர். மேடைகளிலும் பத்திரிகைகளிலும் இவ்விளக்கமே பெருவழக்கு. இது எளிதானது; ஆனால் முழுமையானதன்று.

ஃபிஜித் தீவிலே ஆன் பெக்கர் நடத்திய ஆய்வு இங்குத் துணைசெய்யும். பருத்த உடலைப் போற்றிய அத்தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டு பள்ளி மாணவியருள் எவரும் எடை குறைப்பதற்காக வாந்தி எடுத்ததாகக் கூறவில்லை, 1998இல் 11.3 சதவீதத்தினர் அவ்வாறு கூறினர். இவ்வெண்ணைத் திரை மோகத்தின் சான்றாகப் பலர் எடுத்தாள்வர். ஆனால் அம்மாணவியர் கூறிய காரணத்தை அவர்கள் கவனிப்பதில்லை. திரையிற் கண்ட பெண்களைப் போல மெலிந்தால் தமக்கும் நல்ல தொழில் வாய்க்கும் என்று பலர் கருதினர். அவர்கள் விரும்பியது மெலிவை மட்டுமன்று. மெலிந்தோர் வாழ்வதாகத் திரை காட்டிய வாழ்வையுமாகும்.

மடுல்கெல்லவின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. வெயிலிற் கறுத்த முகம், கறை படிந்த விரல், கூடைக் கயிறு அழுத்திய தலை ஆகியன அங்கு வெறும் உடற்கூறுகள் அல்ல. ‘தோட்டத்துப் பிள்ளை’ என்பதைப் பேருந்திலும் கடையிலும் பாடசாலையிலும் வாய் திறக்குமுன்பே அறிவிக்கும் அடையாளங்கள் அவை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால் எஞ்சியோரும் குடிகளாக ஏற்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெண்ணுக்கு, தன் மேனியே ஓர் அடையாள அட்டையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. கண்டி நகரத்துப் புடைவைக் கடையில் விற்பனைப் பெண்ணாகவோ அலுவலகமொன்றில் எழுதுநராகவோ சேர விரும்பும் அவள், கல்விச் சான்றிதழோடு முகமும் அங்குக் கேட்கப்படுகிறது என்பதை அறிவாள். மணமகள் தேவை விளம்பரங்களும் அதனையே அவளுக்குக் கற்பிக்கின்றன. ஆகவே, அவள் பூசும் களிம்பு அறியாமையின் விளைவு மட்டுமன்று. தாய் நின்ற மலையில் தான் நிற்கலாகாது என்ற தீர்மானமும் அதிற் கலந்துள்ளது. வெண்மையை விரும்புதல் இங்கு நிழலை விரும்புதலாகும். வெயிலில் நில்லாத வாழ்வை விரும்புதலாகும்.

விருப்பம் நியாயமானது, வழி பொய்யானது. இவ்விரண்டையும் பிரித்தறியாத திறனாய்வு அப்பெண்ணுக்கு இருமுறை தீங்கிழைக்கிறது. வறுமையால் அவள் உடலை வளரவிடாத சமூகம், பின்னர் அவ்வுடலைப் பற்றி அவள் வருந்துவதையும் குற்றமென்கிறது.

பூப்புச் சடங்கு இம்முரண்பாட்டின் முழு வடிவம். பெண் பெரிய பிள்ளையானதும் முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்துக் களியும் கொடுத்து உடலைத் தேற்றுவது நம் மரபு. அம்மரபில் அறிவும் அன்பும் உண்டு. ஆனால் வறிய குடும்பத்தில் அவ்வூட்டம் சில நாட்களோடு முடிகிறது. சடங்கின் செலவுக்காகப் பட்ட கடன் அதன்பின் நெடுநாள் அடுப்பைச் சுருக்குகிறது. எஞ்சுவது ஒளிப்படத் தொகுப்பு. அதில் அப்பெண்ணின் முகம் கழுத்தினும் பல மடங்கு வெளுத்திருக்கும். உடலைப் பேணத் தோன்றிய வழக்கம் உடலைக் காட்டும் வழக்கமாகச் சுருங்கியமைக்கு அப்படமே சாட்சி.

முடிவுரை

கறுப்பும் அழகே என எடுத்துரைக்கும் முயற்சிகள் இன்று தோன்றியுள்ளன. சென்னையிலே 2009இல் தொடங்கிய இயக்கமொன்று இப்பொருளைப் பரவலாகப் பேச வைத்தது. இவை வரவேற்கத்தக்கன. மாமையைப் போற்றிய பழந்தமிழ்ச் செய்யுள்களைப் பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியர், நிறம் பற்றிய அக்குறிப்பை மாணவியர் முன் எடுத்துரைப்பாராயின் அதுவும் பெரும்பயன் தரும். ஆனால் சொல் மட்டும் போதாது. கருமை அழகென்று கூறிவிட்டு, அக்கருமையைத் தரும் வேலைக்கு வாழத்தக்க கூலி கொடாதிருப்பின், அச்சொல் தேயிலைச் சுவரொட்டியின் புன்னகையாகவே முடியும்.

எனவே, தோட்டத்துப் பருவப் பெண்ணின் உடற்றோற்ற உணர்வு உளவியல் பிரச்சினையாக மட்டுமன்றி உணவு, உறையுள், கூலி ஆகியவற்றின் பிரச்சினையாகவும் நோக்கப்படல் வேண்டும். பாடசாலைச் சத்துணவும், தனியறை கொண்ட வீடும், மலையில் நிற்போரின் கைக்கு உரிய மதிப்பும் அவளது தன்மதிப்பின் அடித்தளங்கள். அவற்றின் மேலேயே கல்வியும் கலையும் தம் பணியைச் செய்தல் கூடும். இலக்கியத்தின் பணி அங்கு இன்னும் எஞ்சியுள்ளது. மலையகப் பெண்ணின் துயரை மலையக எழுத்தாளர் எழுதினர். அவள் உழைப்பை எழுதினர். கண்ணாடி முன் நிற்கும் கணத்தில் அவள் மனத்தில் ஓடுவதை அவளே எழுதும் நாள் வரவேண்டும். அது வரும்வரை, அவள் கையிலுள்ள களிம்பைப் பார்த்து நகைக்கும் உரிமை கற்றோர் எவர்க்கும் இல்லை.